காரில் போட்டுவைக்க ஒரு சின்ன டோர்ச்: திருகோணமலை வெயிலுக்குத் தாங்குவதை வாங்குவது எப்படி?

கொழும்பிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். ஹபரணை தாண்டி, அக்போபுரவுக்குச் சற்று முன்னால், இரவு பத்தரை மணிக்கு இடப்பக்கப் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. இரண்டு பக்கமும் காடு. பின்னிருக்கையில் அம்மா. டாஷ்போர்டுப் பெட்டியில் இரண்டு வருடமாகக் கிடந்த டோர்ச்சை எடுத்து அழுத்தினேன். எரியவில்லை. உள்ளங்கையில் தட்டிப் பார்த்தேன், எரியவில்லை. பின்மூடியைத் திருகினேன், அசையவே இல்லை.

கைப்பேசியில் ஒன்பது சதவீதம் இருந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டிருக்க நான் நட்டுகளைக் கழற்றினேன். மூன்றாவது நட்டோடு கைப்பேசியும் அணைந்தது. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிவந்த லொறிக்காரர் ஒருவர் நிறுத்தி, தன் கழுத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த சுண்டுவிரல் அளவு டோர்ச்சைப் பிடித்தார். “யானை வாற பாதை தம்பி, கெதியாக முடியுங்கள்” என்றார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் என் டோர்ச்சைக் குறடு போட்டுத் திறந்தேன். உள்ளே வெள்ளைப் பொருக்கு. ஸ்பிரிங் பச்சை பூத்துப் பாதி தின்னப்பட்டிருந்தது. கசிந்த திரவம் அடியிலிருந்த காப்புறுதி அட்டையில் ஊறி, இலக்கம் இருந்த இடத்தில் பழுப்புக் கறை மட்டும் மிச்சம்.

அதன்பிறகு ஆறு மாதத்தில் மூன்று டோர்ச் வாங்கி, இரண்டைத் தூக்கி எறிந்து, மூன்றாவதோடுதான் ஓய்ந்தேன். புதிதாகக் கார் எடுத்தவர்கள் அந்த அலைச்சலும் செலவும் இல்லாமல் நேராக மூன்றாவதற்கே வந்துவிடலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எதற்காக வாங்குகிறீர்கள்?

காரில் டோர்ச் தேவைப்படும் தருணங்களை எண்ணிப் பாருங்கள். சில்லு மாற்றுவது, பொனட்டைத் திறந்து பார்ப்பது, சோதனைச் சாவடியிலோ விபத்து நடந்த இடத்திலோ ஆவணம் வாசிப்பது, இருக்கைக்கு அடியில் விழுந்த சாவியைத் தேடுவது, இருட்டில் பக்கத்துக் கடை வரை நடப்பது, வருகிற வாகனத்துக்கு நாம் நிற்பதைக் காட்டுவது. பெரும்பாலும் எல்லாம் பத்து மீற்றருக்குள் முடிகிற வேலை. முந்நூறு மீற்றர் தூரம் வெளிச்சம் பாய்ச்சுகிற டோர்ச் வேட்டைக்காரருக்கும் வயற்காவலுக்கும் உதவும். அதைக் கொண்டு சில்லின் நட்டைப் பார்த்தால் கண் கூசும், பக்கத்தில் வைத்த ஸ்பானர் தெரியாது.

இன்னொன்று, இது அவசரத்துக்கான டோர்ச். வருடத்தில் முந்நூற்று அறுபது நாள் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதும் ஒரு வேலைதான். திருகோணமலையில் பூட்டிய காருக்குள் சும்மா கிடப்பது கடினமான வேலை. நீங்கள் தேடுவது அந்த வேலையைச் செய்யக்கூடிய பொருளை.

2. முதலில் பற்றரி, பிறகுதான் டோர்ச்

எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம். டோர்ச்சின் அழகையும் வெளிச்சத்தையும் பார்த்து வாங்கி, உள்ளே போடுவதைக் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறோம். நான் ஏமாந்த இடமும் இதுதான்.

வெளியே 33, 34 பாகை வெயில் எறிக்கும்போது கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 பாகையைத் தொட்டுவிடும். வெயில் நேரே விழுகிற டாஷ்போர்டின் மேற்பரப்பு 65, 70 பாகை வரை போகும். உப்புவெளியில் மரநிழல் இல்லாத இடத்தில் காரை நிறுத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பும்போது ஸ்டியரிங்கில் கை வைத்திருப்பீர்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்தச் சூட்டில் மாதக்கணக்காகக் கிடக்கும் பற்றரி எது என்பதுதான் கேள்வி.

கடையில் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

“ஹெவி டியூட்டி” என்று எழுதிய மலிவுப் பற்றரி. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கனமான வேலைக்கு என்று எழுதியிருக்கும், உண்மையில் எல்லாவற்றிலும் பலவீனமானது இதுதான். இவை கார்பன் நாக வகை. வெளியே இருக்கும் நாக உறையே கரைந்துதான் மின்சாரம் தருகிறது. கரைந்து முடிந்தால் ஓட்டை, ஓட்டை என்றால் கசிவு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுங்கள். காருக்குள் ஏற்றாதீர்கள்.

ஆல்கலைன். எந்தத் தேநீர்க் கடையிலும் கிடைக்கும். சக்தியும் நல்லது. ஆனால் சார்ஜ் இறங்க இறங்க உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் கூடும். அடைப்பு விட்டுக்கொடுத்தால் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் வெளியே வரும். என் காப்புறுதி அட்டையைத் தின்றது அதுதான். சூடு இதை இன்னும் வேகப்படுத்தும். முற்றாகக் காலியான பிறகுதான் கசியும் என்று நினைக்காதீர்கள். மூன்று பற்றரி போடுகிற டோர்ச்சில் ஒன்று மற்ற இரண்டைவிட முந்திக் களைத்துவிட்டாலே போதும். வேறு வழியில்லை என்றால் ஆல்கலைனையே வாங்குங்கள், ஆனால் டோர்ச்சுக்குள் போட்டு வைக்காதீர்கள். வாங்கிய உறையோடு பக்கத்தில் வையுங்கள். இருட்டில் போட்டுப் பழக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மீளச் சார்ஜ் செய்யும் நிக்கல் வகை. வீட்டுக்கு அருமையானது. தானாக மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும் குணம் இதற்கு உண்டு, சூட்டில் அது இன்னும் கூடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துச் சார்ஜ் செய்வேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியவர்கள் வாங்கலாம். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

லிதியம் அயன். கைப்பேசியில் இருப்பதும், 18650 என்று எழுதிய தடித்த பற்றரியும், யூ.எஸ்.பி. வயர் குத்துகிற டோர்ச்சுகளில் இருப்பதும் இந்த வகை. வெளிச்சம் அள்ளிக் கொட்டும். முழுச் சார்ஜோடு 40 பாகையில் ஒரு வருடம் கிடந்தால் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு அளவு போய்விடும் என்பது பற்றரித் துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நம் கார் 40 பாகையோடு நிற்பதில்லை. அதோடு 45 பாகைக்கு மேல் இதைச் சார்ஜ் செய்யவே கூடாது; வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் சிகரெட் லைட்டர் துளையில் வயரைக் குத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள். தினமும் பாவிக்கிற டோர்ச்சுக்கு இது சரி, கிடப்பில் போடுகிற டோர்ச்சுக்குச் சரிவராது.

ஒரு முறை பாவிக்கும் லிதியம் ஏ.ஏ. பற்றரி. நான் வந்து சேர்ந்த இடம் இது. பார்க்கச் சாதாரண ஏ.ஏ. அளவுதான், 1.5 வோல்ட். கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும்: ஆல்கலைன் 23 கிராம் அளவில் இருக்கும், இது 15 கிராம்தான். 60 பாகை வரை பாவிக்கலாம் என்று உற்பத்தியாளர்கள் எழுதுகிறார்கள். சாதாரண வெப்பத்தில் பதினைந்து, இருபது வருடம் கிடக்கும் என்பது அவர்கள் கணக்கு. காருக்குள் அதில் பாதி கிடந்தாலே எனக்குப் போதும். கசிவதும் அபூர்வம். விலை மட்டும்தான் கசக்கும்.

சி.ஆர். 123 ஏ என்ற குட்டையான 3 வோல்ட் லிதியமும் இதே அளவுக்கு நம்பகமானது. பழைய கமராக்களில் போடுவது. திருகோணமலையில் நான் ஏறிய கடைகளில் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து பற்றரி வருமட்டும் டோர்ச் காத்திருக்க வேண்டுமானால் அது என்ன அவசர டோர்ச்?

ஆகவே என் முடிவு: ஒரே ஒரு ஏ.ஏ. பற்றரியில் இயங்கும் டோர்ச், உள்ளே லிதியம் ஏ.ஏ., உறை பிரிக்காத இன்னொன்று பக்கத்தில். அதுவும் தீர்ந்துவிட்டால் வெருகலிலோ புல்மோட்டையிலோ ஏதாவது ஒரு சின்னக் கடையில் ஆல்கலைன் வாங்கிப் போட்டுக்கொண்டு வீடு வந்துவிடலாம்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, “லிதியம்” என்று எழுதிய எல்லா ஏ.ஏ. பற்றரியும் ஒன்றில்லை. யூ.எஸ்.பி. துளையோடு வருகிற, மீளச் சார்ஜ் செய்யும் 1.5 வோல்ட் லிதியம் ஏ.ஏ. ஒன்று இப்போது விற்பனையாகிறது. அதற்குள் இருப்பது லிதியம் அயன்தான், கூடவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் சின்னச் சுற்று ஒன்று சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் குடித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது, 14500 என்றொரு பற்றரி அச்சு அசலாக ஏ.ஏ. அளவிலேயே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். ஏ.ஏ.க்கு மட்டும் என்று செய்த டோர்ச்சில் அதைப் போட்டால் டோர்ச்சுக்கு அன்றே கருமாதி.

3. வெளிச்சத்தின் கணக்கு

லூமன் என்பது டோர்ச்சிலிருந்து வெளியேறும் மொத்த வெளிச்சத்தின் அளவு. கைப்பேசி டோர்ச் சுமார் 50 லூமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லு மாற்ற 100 லூமன் தாராளம். ஏ.ஏ. டோர்ச்சுகள் பெரும்பாலும் இதற்குள்தான் வரும், குறையில்லை.

நீங்கள் தேட வேண்டியது மறுபக்கத்தில் இருக்கிறது: மிகக் குறைந்த நிலை. ஐந்து, பத்து லூமனில் எரிகிற ஒரு நிலை இருந்தால்தான் ஆவணத்தைக் கண் கூசாமல் வாசிக்கலாம், பின்னிருக்கையில் தூங்கும் பிள்ளை விழிக்காது, ஒரே பற்றரி ஓர் இரவு முழுக்கத் தாங்கும்.

பெட்டியில் ஒரு இலட்சம் லூமன் என்று எழுதியிருந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். உங்கள் காரின் சாதாரண ஹலஜன் முகப்பு விளக்கு ஒன்று தருவதே 1,000 முதல் 1,500 லூமன். நூறு ஹலஜன் விளக்கு ஒரு கைப்பிடிக்குள் அடங்குமா? இதே சகோதரப் பொய், 18650 பற்றரியின் மேல் கொள்ளளவு என்று எழுதிய 9,900 மில்லி அம்பியர் மணி. நல்ல 18650 பற்றரி 3,500 அளவில்தான் நிற்கும், மிஞ்சினால் 4,000. நிறுத்துப் பாருங்கள்: உண்மையானது 45 கிராமைத் தாண்டும், போலி முப்பதுக்குக் கீழேயும் இருக்கும். என் இரண்டாவது டோர்ச்சோடு வந்தது 29 கிராம். மீன் கடைத் தராசில் நிறுத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பெட்டியில் அன்சி எஃப்.எல். 1 என்ற குறியீடு இருந்தால் அந்தக் கம்பனி ஒரு பொது அளவுமுறையில் அளந்து எழுதியிருக்கிறது என்று பொருள். அதிலும் எரியும் நேரத்தைக் கவனமாக வாசியுங்கள். வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒன்றாகக் குறையும்வரை எண்ணுகிறார்கள். “ஐந்து மணி நேரம்” என்றால் ஐந்து மணி நேரமும் அதே வெளிச்சம் என்று அர்த்தமில்லை. தூரமும் அப்படித்தான்: 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா வெளிச்ச அளவுக்கு மங்கும் இடம்வரை அளந்த தூரம் அது. அங்கே நிற்பது மாடா மனிதனா என்றுகூடச் சொல்வது கடினம்.

4. உடம்பும் சுவிட்சும்

பின்பக்கத்தில் “டக்” என்று அழுந்தும் பொறிமுறைச் சுவிட்ச் நல்லது. அணைத்தால் மின்சுற்று உண்மையில் துண்டிக்கப்படும். பக்கவாட்டில் மெல்ல அழுந்துகிற மின்னணுச் சுவிட்ச் எப்போதும் ஒரு துளி மின்சாரம் குடித்துக்கொண்டு விழித்திருக்கும். அந்த வகையே வாய்த்தால் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். சுற்று அறுந்துவிடும், பையில் தானாக அழுந்தி எரியவும் மாட்டாது.

அழுத்தியவுடன் நிலையான வெளிச்சம் வர வேண்டும். சில டோர்ச்சுகள் முதல் அழுத்தில் பளிச்பளிச்சென்று வெட்டும், அடுத்த அழுத்தில் எஸ்.ஓ.எஸ். சைகை காட்டும். மழையில் நனைந்தபடி ஐந்து முறை அழுத்தித்தான் சாதாரண வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்றால் அது விளையாட்டுச் சாமான்.

அடியில் காந்தம் இருந்தால் பெரிய உதவி. பொனட்டின் உட்பக்கத்திலோ சில்லுக்கு மேல் உடற்தகட்டிலோ ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்யலாம். வாங்குமுன் வீட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து உங்கள் காரில் ஒட்டிப் பாருங்கள். சில வாகனங்களில் பொனட் அலுமினியம், பம்பர் எல்லாவற்றிலும் பிளாஸ்டிக். காந்தம் இல்லையென்றால் தொப்பி விளிம்பில் செருகும் கிளிப் போதும். தலையில் மாட்டும் டோர்ச் இதற்கெல்லாம் மேல், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் இழுபட்டி காரின் சூட்டில் இளகித் தொளதொளத்துப் போகிறது.

தண்ணீர்: ஐ.பி.எக்ஸ் 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நமக்கு மழைக்காலம், வீதியோரக் குழிகளில் தண்ணீர் நிற்கும், டோர்ச் கை நழுவி விழும் இடமும் அங்கேதான். 7 எடுங்கள்.

நிறம் கறுப்பு வேண்டாம். புல்லில் விழுந்தால் டோர்ச்சைத் தேட இன்னொரு டோர்ச் வேண்டும். கறுப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் சிவப்பு நூல் கட்டுங்கள்.

5. கடையில் என்ன செய்வது?

பிரதான வீதியிலும் மத்திய வீதியிலும் மின்சாரப் பொருள் கடைகளில் விசாரியுங்கள். ஆனால் முதலில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். உப்புக் காற்றில் எது ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும், எது தாங்கும் என்பதைக் கடலுக்குப் போகிறவர்கள் பணம் கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். அப்படி ஒரு கடையில்தான் எனக்கு நேர்மையான பதில் கிடைத்தது. நான் பளபளப்பான ஒன்றைக் காட்டி, “இது எப்படி அண்ணன்?” என்று கேட்டேன். “காருக்கு என்றால் இதை எடுக்காதீர்கள் தம்பி. இது இரவுக்கு இரவு சார்ஜ் போடுகிறவனுக்கு” என்றார். விற்கிறவரே வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கையில் வாங்கியவுடன் பின்மூடியைத் திருகித் திறவுங்கள். திருகு மணலில் உரசுவதுபோலக் கரகரத்தால் வையுங்கள். உள்ளே றப்பர் வளையம் இருக்கிறதா, ஸ்பிரிங் பளிச்சென்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி இருந்தாலும் அது கடைக்குள்ளேயே துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. உங்கள் பற்றரியைப் போட்டு இருபது முறை அழுத்துங்கள், எரியும்போது உள்ளங்கையில் தட்டுங்கள். வெளிச்சம் சிமிட்டினால் தொடுமுனை சரியில்லை. கடையின் இருண்ட மூலைக்குப் போய்ச் சுவரில் அடித்துப் பாருங்கள்: நடுவில் ஒரு பொட்டும் சுற்றிலும் ஒன்றுமில்லாமலும் இருந்தால் அது தூரத்துக்கானது. பரந்து மெல்லக் கரைகிற வட்டம்தான் உங்களுக்கு வேண்டும்.

யூ.எஸ்.பி. சார்ஜ் வகைதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒரு சோதனை. இரண்டு முனையும் சி வகையாக உள்ள வயரில் குத்திப் பாருங்கள். சில மலிவு டோர்ச்சுகளில் இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். அவை பழைய அகன்ற முனை வயரில் மட்டும்தான் சார்ஜ் ஏறும். உங்கள் புதுக் கைப்பேசி வயரில் செத்த பிணம்போலக் கிடக்கும்.

லிதியம் பற்றரி வாங்கும்போது உறையில் உள்ள காலாவதி ஆண்டைப் பாருங்கள். எட்டு, பத்து வருடமாவது முன்னால் இருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் படும் பக்கத்தில் தொங்குவதை எடுக்காதீர்கள், உள்ளே இருப்பதைக் கேளுங்கள்.

6. செலவு, பற்றுச்சீட்டு, நாட்கள்

என் கணக்கு இது. எரியாமல் போன முதலாவது 650 ரூபாய். பிறகு வாங்கி எறிந்த இரண்டும் 1,450, 2,800. மொத்தம் 4,900 ரூபாய் குப்பைக்கு. இப்போது காரில் இருப்பது: டோர்ச் 4,200, இரண்டு லிதியம் பற்றரி 1,900, சிலிக்கன் கிரீஸ் 350, கொழும்பிலிருந்து அனுப்பிய கூலி 400. ஆக 6,850. விலைகள் நாளுக்கு நாள் மாறும், விகிதத்தை மட்டும் மனதில் வையுங்கள்: பற்றரிக்கு டோர்ச் விலையில் பாதியளவு போகும். அதைக் கண்டு பின்வாங்கி ஆல்கலைனைப் போட்டுவிட்டால் மறுபடியும் முதல் டோர்ச்சுக்கே திரும்பிவிடுவீர்கள்.

பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். “டோர்ச் ஒன்று” என்று மட்டும் எழுதினால் பின்னால் சண்டை போட முடியாது. மாதிரிப் பெயர், திகதி, உத்தரவாதக் காலம், கடை முத்திரை நான்கும் வேண்டும். உத்தரவாத அட்டை வெறுமையாகப் பெட்டிக்குள் கிடக்கும். கடையில் வைத்தே நிரப்பி முத்திரை குத்தச் சொல்லுங்கள். நான் வாங்கி எறிந்த இரண்டில் ஒன்றை மாற்றப் போனபோது, அட்டையில் முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்தால் திருப்பி அனுப்பினார்கள். வெப்பத்தாளில் அச்சடித்த பற்றுச்சீட்டு காருக்குள் இரண்டே மாதத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அன்றே படம் எடுங்கள், மூலத்தை வீட்டில் வையுங்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். அங்கேயும் முதலில் கேட்பது பற்றுச்சீட்டைத்தான்.

இணையத்தில் எடுப்பதானால் பொதி வந்ததும் பிரிப்பதைக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று நாளில் வந்தது. போயா, வார இறுதி குறுக்கிட்டால் ஐந்தாகும். நல்லூருக்கோ கதிர்காமத்துக்கோ போக முதல்நாள் கட்டளை போட்டுவிட்டு இருக்காதீர்கள்.

7. காரில் எங்கே வைப்பது?

டாஷ்போர்டின் மேலே ஒருநாளும் வேண்டாம். டிக்கிக்குள் மேலதிகச் சில்லோடு வைப்பவர்கள் நிறையப் பேர். பயணப் பைகளையும் பலாப்பழத்தையும் இறக்கிவைத்துவிட்டு அதை எடுப்பதற்குள் விடிந்துவிடும். டாஷ்போர்டுப் பெட்டி பரவாயில்லை, ஆனால் முன்பக்கம் மோதினால் அந்த மூடி இறுகிக்கொள்ளக்கூடும். சாரதி இருக்கையில் பெல்ட்டைக் கழற்றாமல் எட்டக்கூடிய இடமே சரி. காரில் சூடு குறைந்த பகுதி தரையோரம், இருக்கைக்கு அடி. கதவுப் பையின் அடிப்பாகமும் நல்லது. இருக்கைக்கு அடியில் வைத்தால் உருண்டு பிரேக் மிதிக்குக் கீழே போகாதபடி ஒரு சின்னப் பையில் போட்டுச் சட்டத்தில் கட்டிவிடுங்கள். இதை மறக்கவே வேண்டாம்.

ஆவணங்களோடு ஒரே உறையில் வைக்காதீர்கள். வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, புகைச் சான்றிதழ் எதுவும் பற்றரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. காப்புறுதிக் கம்பனியிடம் மாற்று அட்டை வாங்க எனக்கு ஒரு முழு முற்பகல் போனது, அது வேறு கதை.

இன்னொரு விடயம். ஜப்பானிலிருந்து வந்த சின்னக் கார்கள் பலவற்றில் மேலதிகச் சில்லே கிடையாது. காற்றடிக்கும் மோட்டாரும் ஒட்டும் திரவமும் மட்டும்தான் இருக்கும். டோர்ச் வாங்கிய அன்றே டிக்கித் தரையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

8. எப்போது சோதிப்பது?

வருடத்துக்கு இரண்டு முறை. சித்திரைப் புத்தாண்டுக்குக் காரைக் கழுவும்போது ஒன்று, மழைக்கு முன் செப்டெம்பர் கடைசியில் ஒன்று. பற்றரியைக் கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, றப்பர் வளையத்தில் ஒரு பொட்டு சிலிக்கன் கிரீஸ் தடவி, மூடிப் பத்து நிமிடம் எரியவிடுங்கள். லிதியம் பற்றரி கடைசிவரை நன்றாக எரிந்துவிட்டுச் சட்டென்று செத்துவிடும் சுபாவம் கொண்டது, ஆல்கலைன்போல மங்கி முன்னறிவிக்காது. எனவே பாவித்த நேரத்தைக் குறித்து வைத்து, பாதி போனது என்று தோன்றினால் மாற்றி, பழையதை வீட்டு ரிமோட்டுக்குப் போடுங்கள். பழசையும் புதுசையும், ஆல்கலைனையும் லிதியத்தையும் கலந்து போடக் கூடாது.

9. கசிந்துவிட்டால்

வெறுங்கையால் தொடாதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள். ஆல்கலைன் கசிவு காரம். பழைய பல்துலக்கியில் தேசிக்காய்ப்புளியோ வினாகிரியோ இரண்டு துளி தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். பிறகு ஈரத்துணி, பிறகு ஒரு நாள் நிழலில் காய்ச்சல். ஸ்பிரிங்கின் பூச்சு போயிருந்தால் மினைக்கெட வேண்டாம், மூன்று மாதத்தில் மறுபடி பூக்கும்.

10. வீதியில் நின்றுவிட்டால்

காரை முடிந்த அளவு ஓரத்துக்கு எடுத்து நான்கு பக்கச் சமிக்ஞை விளக்கைப் போடுங்கள். கூட வந்தவர்களை வாகனங்கள் போகாத ஓரப்பக்கக் கதவால் இறக்குங்கள். டோர்ச்சை நிலத்தை நோக்கிப் பிடித்து மெல்ல ஆட்டினால் வருகிற சாரதிக்குத் தெரியும்; முகத்துக்கு அடித்தால் அவர் கண் இருண்டு உங்கள் மேலேயே வருவார். சோதனைச் சாவடியில் உள்விளக்கைப் போட்டாலே போதும், நீங்களாகக் காவலர் முகத்துக்கு டோர்ச் அடிக்காதீர்கள்.

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் நின்றால் இறங்குமுன் கண்ணாடி வழியாகச் சுற்றிலும் பாருங்கள். யானை தெரிந்தால் இறங்கவே வேண்டாம், அதன் பக்கம் வெளிச்சமும் வேண்டாம், ஹோனும் வேண்டாம். அது போகட்டும். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்பியூலன்ஸ் 1990.

கடைசியாக, நான் எதிர்பார்க்காத ஒரு பொறி. போன மார்கழி மழையில் உவர்மலைப் பக்கம் மின்சாரம் போன இரவு, வீட்டில் மெழுகுதிரி தேடினோம். மறுநாள் காலை காரை எடுக்கும்போது இருக்கைக்கு அடியில் கை விட்டேன். பை மட்டும் இருந்தது. டோர்ச் குசினி மேடையில், கறிவேப்பிலைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், இன்னும் எரிந்துகொண்டிருந்தது. “அது நல்ல வெளிச்சமடா, வீட்டிலேயே இருக்கட்டும்” என்றார் அம்மா. அன்று பின்னேரமே இன்னொன்றுக்குக் கட்டளை போட்டேன். நீங்கள் முதலிலேயே இரண்டாக வாங்கினால் அனுப்பும் கூலி ஒரு முறைதான்.